மலிவான கார் விலை கூடிய காராவது எப்போது?

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன கார் வாங்கலாம்?" முப்பது வருடங்களாக இதற்குப் பதில் சொல்லி வருகிறேன். ஆனால், 2024 மே மாதம் அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலிருந்து ராத்தாவின் மகன் கேட்டது வேறு விதமானது. "மாமா, பந்தயத்துக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறேன். எது நல்லம்?"

மறுநாள் ராத்தாவும் அழைத்தார். "வேணாமென்டு சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னாத்தான் கேப்பான்." அவரது பயத்தில் நியாயம் இருந்தது. ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மீது மோதி 7 பேர் உயிரிழந்திருந்தனர். அந்தத் துயரம் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மற்றொரு காரணமும் இருந்தது. அவன் மாதாமாதம் அனுப்பும் பணத்தில்தான் தங்கையின் படிப்பு நடக்கிறது.

ஆகவே முதலில் இது என்ன பந்தயம் என்று விசாரித்தேன். ஒட்டோகுரொஸ் என்கிறார்கள். பெரிய வாகனத் தரிப்பிடத்திலோ பழைய விமான ஓடுபாதையிலோ செம்மஞ்சள் கூம்புகளை வைத்து வளைவு நெளிவான பாதை அமைக்கிறார்கள். கார்கள் பக்கத்தில் பக்கமாக முந்திக்கொண்டு ஓடுவதில்லை. இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்பி நேரம் குறிக்கிறார்கள். ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். 1944இல் ஆரம்பிக்கப்பட்ட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கழகத்தின் விதிப்படி ஒரு கூம்பைத் தட்டினால் 2 செக்கன்கள் தண்டனையாகக் கூட்டப்படும். தலைக்கவசம் கட்டாயம். ஓடுமுன் சில்லு, பிரேக், பற்றரி கட்டு எல்லாம் பரிசோதிக்கப்படும். பெரும்பாலும் இரண்டாவது கியரில் முடிந்துவிடும் காரியம். வேகத்தை விடத் திருப்பமும் நிதானமும்தான் அங்கே வெல்கின்றன.

இதைக் கேட்டபின் உயிர்ப் பயம் எனக்குக் குறைந்தது. பணப் பயம் குறையவில்லை. ஏனெனில் அந்தப் பாடத்தை நான் சொந்தக் காசு கொடுத்துப் படித்தவன்.

1999இல் நான் ஒரு டர்போ கார் வாங்கினேன். பெயின்ட் கண்ணாடி போல மின்னியது. சந்தை விலையை விடக் குறைவு. கையில் இருந்த பணம் முழுவதையும், பெருநாள் சீசனுக்குச் சரக்கெடுக்க வைத்திருந்த பணத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் எஞ்சின் திறக்க வேண்டி வந்தது. அந்தச் சீசனில் பக்கத்துக் கடைகளில் கூட்டம். என் றாக்கையில் பாதி வெறுமை. அந்த நட்டத்தை ஈடுசெய்ய இரண்டு வருடங்கள் பிடித்தன. விற்றவர் மீது எனக்குக் கோபமில்லை. கேட்க வேண்டிய கேள்விகளை நான் கேட்கவில்லை.

மருமகன் மனதில் வைத்திருந்தது மஸ்டா ஆர்எக்ஸ்-8. 2003 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்ட அழகான வண்டி. இன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் மலிவாகக் கிடைப்பவற்றில் ஒன்று. ஏன் மலிவு என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் இருப்பது ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, முக்கோண வடிவ ரோட்டர் சுழலும். அதன் முனைகளில் உள்ள சீல்கள் தேய்ந்தால் கம்ப்ரஷன் இறங்கிவிடும். அந்தச் சீல்களுக்கு வழவழப்புக் கொடுக்க எஞ்சின் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பதே அதன் அமைப்பு. எண்ணெய் பார்க்க மறந்தவன் கதை முடிந்தது. கம்ப்ரஷன் பார்க்கவும் சாதாரண மானி போதாது, அதற்கென்று தனிக் கருவி வேண்டும். எஞ்சினைப் புதுப்பிக்கும் செலவு காரின் விலையையே தாண்டிவிடக்கூடும். ஒரு பொருள் சந்தையில் காரணமின்றி மலிவாவதில்லை. அந்தக் காரணத்தை அறியாதவன்தான் மீதி விலையைக் கட்டுகிறான்.

நான் சொன்னது அதே கம்பனியின் எம்எக்ஸ்-5. 1989இல் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகமான இரண்டு ஆசனக் கார். 2016இல் பத்து இலட்சமாவது வண்டி தயாரிப்பைத் தாண்டியது. உலகிலேயே அதிகம் விற்பனையான இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். எஞ்சின் பெரிதில்லை. நேர்ப் பாதையில் பல கார்கள் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் பாரம் குறைவு, பின் சில்லு இயக்கம், முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறைய சரிபாதி. கூம்புகளுக்கிடையில் திரும்புவதற்கு இவைதான் தேவை. அதைவிட முக்கியமானது, உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைப்பது. முதலாம் தலைமுறை வண்டிகளைச் சேகரிப்பாளர்கள் தேடுவதால் விலை ஏறிவிட்டது. ஆகவே 1998 முதல் 2005 வரை தயாரிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறையைப் பார்க்கச் சொன்னேன்.

பார்க்க வேண்டியவற்றையும் எழுதி அனுப்பினேன். முதலாவது துரு. கூரைத் துணியிலிருந்து வடியும் தண்ணீர்க் குழாய் அடைபட்டால், பின் சில்லுக்கு முன்னால் கதவின் கீழ்ப்பகுதி உள்ளிருந்தே அரிக்கும். பெயின்ட் அதை மறைத்துவிடும். கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். நியூ ஜேர்சி போன்ற இடங்களில் பனிக்காலத்தில் வீதியில் உப்புப் போடுகிறார்கள். ஆகவே உப்புப் படாத தென் மாநில வண்டி என்றால் தூரப் பயணமும் இலாபமே. இரண்டாவது டைமிங் பெல்ட். ஏறக்குறைய ஒரு இலட்சம் கிலோமீற்றருக்குள் மாற்றியிருக்க வேண்டும். பில் காட்டாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கு. மூன்றாவது ரேடியேட்டர். பிளாஸ்டிக் மேற்பகுதி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் அதன் காலம் முடிகிறது. நான்காவது, தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பார்க்கச் செய்வது. அந்தக் கூலி செலவல்ல, காப்புறுதி.

காப்புறுதி என்றதும் இன்னொன்று. போட்டியின்போது ஏற்படும் சேதத்தைப் பல வாகனக் காப்புறுதிகள் ஏற்பதில்லை. அதை வாயால் அல்ல, எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன்.

பணத்துக்கு நான் வைத்த சட்டம் இது. கையில் 100 இருந்தால் 60க்குக் கார். 25 வாங்கியவுடன் செய்ய வேண்டிய வேலைக்கு. 15 டயருக்கும் பிரேக்குக்கும். இந்த நூறும் வீட்டுக்கு அனுப்பும் பணம் போக மிஞ்சியதாக இருக்க வேண்டும். கடன் ஒரு சதமும் கூடாது. முதல் வருடம் எதையும் பொருத்தவும் கூடாது. மாற்றங்கள் கூடக்கூட, அதே அளவு மாற்றிய கார்களோடு கடினமான பிரிவில் போட்டியிட நேரிடும்.

கடைசியாகக் கேட்டேன்: "இப்ப என்ன கார் ஓட்டுற?" பழைய கொரொல்லா. "அதுல போய் ஓடிப் பாரு. நாலு தடவைக்குப் பிறகும் ஆசை இருந்தா வாங்கு." பாதுகாப்புப் பரிசோதனையில் தேறினால் அத்தகைய சாதாரணக் காருக்கும் அங்கே இடமுண்டு. ஆசையைப் பரீட்சித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

அவன் அப்படியே செய்தான். 2025இல் பில் கோவையோடு இருந்த ஒரு வண்டியைத் தெற்கிலிருந்து எடுத்தான். பெயின்ட் மங்கல். ஆனால் அடிப்பகுதி சுத்தம். தங்கையின் படிப்புப் பணம் ஒரு மாதமும் தவறவில்லை. ராத்தா இன்னும் முழுமனதோடு சம்மதிக்கவில்லை. ஆனால் அழுவதை நிறுத்திவிட்டார்.

இதை வியாபாரப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணமுண்டு. நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வேனுக்கும் லொறிக்கும் கேட்ட விலையைக் கொடுத்து, பழுது பார்க்கப் பணமின்றி வண்டியைக் கராஜில் விட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் சரக்கு ஏற்றியவர்களை நான் அறிவேன். வேனாக இருந்தாலும், குளிரூட்டியாக இருந்தாலும், தையல் இயந்திரமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். விற்பவன் சொல்லும் விலை பாதி விலை. மீதியை அந்தப் பொருள் பிறகு நம்மிடம் கேட்கும். அதற்கும் பணம் எடுத்து வைத்திருப்பவனே உண்மையில் வாங்க வசதி உள்ளவன்.

பிள்ளைகளின் ஆசைக்கு வெறுமனே 'வேண்டாம்' என்று சொல்வதால் ஆசை போவதில்லை. நமக்குத் தெரியாமல் நிறைவேறும், அவ்வளவுதான். கணக்கைக் கற்றுக்கொடுத்துவிட்டு முடிவை அவர்களிடம் விடுவோம். எனக்கு 1999இல் அப்படிச் சொல்லித்தர ஒரு மாமா இருந்திருந்தால், அந்தப் பெருநாளில் என் கடையும் நிறைந்திருக்கும்.