மூச்சடக்கியவனுக்கு முத்திரை இல்லையா?

"மலையடியில் குடியிருக்கும் எமக்குக் கடலடியைப் பற்றி என்ன பேச்சு?" என்று அடி அண்ணாமலைத் தோழர் கேட்கக்கூடும். கேட்கட்டும். கிணற்றிலே புட்வால்வு அடைத்துக்கொண்டால் இறங்குவது யார்? பம்புசெட்டுக்குச் சொந்தக்காரரா? ஏரியிலே ஒரு பிள்ளை மூழ்கினால், கூப்பிடப்படுவது யார்? நீச்சல் தெரிந்த ஏழைதானே! அவன் வேட்டியை வரிந்து கட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துக் குதிக்கிறான். கரையில் நிற்பவர்கள் 'அரோகரா' போடுகிறார்கள்.

மூச்சை இழுத்துப் பிடிக்கத் தேவையில்லாத வழியை 1943-ல் பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் காக்நானும் கண்டார்கள். முதுகிலே காற்றுச் சிலிண்டர், வாயிலே குழாய். அதுதான் ஸ்கூபா. (ஏடுகள் சில 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று எழுதுகின்றன. தவறு. அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான் அதில் பெரும்பாலும் இருக்கிறது.) அதைக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் வழங்க, அமெரிக்காவில் 1966-ல் 'பாடி' என்றொரு நிறுவனம் எழுந்தது. பாட்டுப் பாடுகிற பாடி அல்ல, தோழர்களே, மூழ்குகிற பாடி!

அங்கே படிப்படியாகத்தான் ஏற முடியும். இல்லை, இறங்க முடியும். முதற்படிக்கு 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும், கடலில் நான்கு முறை மூழ்கிக் காட்ட வேண்டும். அதன் பின் 18 மீட்டர் வரை அனுமதி. அடுத்த படி 30 மீட்டர். தனிப்பயிற்சி பெற்றால் 40. அதற்கு மேல் ஆபத்தில் இருப்பவரை மீட்கும் படி, வழிகாட்டும் படி, ஆசிரியர் படி. சுற்றுலா போனவர் பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை மூழ்கிப் படம் எடுத்துக்கொள்கிறாரே, அது எந்தப் படியிலும் சேராது.

இத்தனை படிகள் எதற்கு? பணம் பறிக்கவா? இல்லை. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் நீர் இன்னொரு வளிமண்டல அளவு அழுத்துகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இருமடங்காக விரியும், நுரையீரல் கிழியும். ஆழத்திலே நெடுநேரம் இருந்தவன் உடலில் நைட்ரஜன் கரைந்திருக்கும். வேகமாக ஏறினால், மூடி திறந்த சோடா போல் அது இரத்தத்திலே பொங்கும். மூட்டு முடங்கும், கால் மரக்கும், உயிரும் போகும். இது கடல் தாயின் கோபம் அல்ல, காற்றின் கணக்கு.

இந்தக் கணக்கை யார் அதிகம் அறிந்திருக்க வேண்டும்? தூத்துக்குடி சங்குகுளித் தொழிலாளி. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. கல்லைக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கி முத்து எடுத்த பரம்பரை அது. வெள்ளைக்காரன் ஆட்சியிலே சுறாவை மந்திரத்தால் கட்ட 'கடல்கட்டி' என்பவருக்கு அரசாங்கம் கூலி கொடுத்தது! மூழ்குகிறவனுக்கு மருத்துவம் உண்டா, பயிற்சி உண்டா என்று கேட்டார் உண்டா?

பாட்டன் சொன்ன பாடம், 'மூச்சை அடக்கு' என்பது. வெறும் மூச்சோடு இறங்கியவனுக்கு அது உயிர்க்காப்பு, ஏனென்றால் மேலே இழுத்த காற்றுதான் மேலே வரும்போதும் அவன் நெஞ்சில் இருக்கும். ஆனால் பேரன் வாயிலே படகுக் கம்பிரசரின் ரப்பர் குழாய் வந்துவிட்டது. குழாய் வந்த அன்றைக்கே பாட்டனின் பாடம் எமனாகிவிட்டது. அதை அவனுக்குச் சொன்னது யார்? என்ஜின் புகை அந்தக் குழாயில் புகுந்தால் நஞ்சு என்று எச்சரித்தது யார்? உல்லாசத்துக்கு மூழ்குகிறவனுக்கு ஐந்தாறு படி, உலை வைக்க மூழ்குகிறவனுக்கு ஒரு படியும் இல்லையா?

"அவனும் பணம் கட்டிப் படிக்கட்டுமே" என்பார்கள். பல ஆயிரம் ரூபாய் கட்டணம்! கட்டினாலும் அந்தச் சான்றிதழ் பொழுதுபோக்குக்கு உரியது, தொழிலுக்கு வேறு பயிற்சி வேண்டும். கடற்படைக்குக் கொச்சியிலே தனிப்பள்ளி இருக்கிறது. சங்கு எடுப்பவனுக்கு எங்கே?

இடம் தேடி அலைய வேண்டாம். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. 2007 முதல் மீனவர் நல வாரியம் இருக்கிறது. வாரியம் கட்டணத்தை ஏற்கட்டும், கல்லூரி வகுப்பை நடத்தட்டும். பாடம் தமிழிலே, தேர்வு தண்ணீரிலே நடக்கட்டும். எழுதத் தெரியாதவர் வாயால் விடை சொல்லட்டும்.

நம் பக்கத்துச் சாத்தனூர் அணையின் முழு நீர்மட்டம் 119 அடி, அதாவது 36 மீட்டர். இரண்டாம் படிக்காரருக்கே அனுமதி இல்லாத ஆழம் அது! அங்கே பிணம் தேட உள்ளூர் ஏழையை வெறும் மூச்சோடு இறக்கும் வழக்கம் இனி வேண்டாம். மாவட்டத்துக்குப் பத்துப் பேரையாவது தேர்ந்தெடுத்து, அரசாங்கச் செலவிலே தூத்துக்குடிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் சம்பளத்தோடு வேலை கொடுக்கட்டும்.