வழக்கம் திரும்பியது, யாருடைய வழக்கம்?

2022 பிப்ரவரி 1ஆம் தேதியிலிருந்து நம் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகள் தடையில்லாமல் நடந்து வருகின்றன. காலையில் மணி அடிக்கிறது, பதிவேடு எடுத்துப் பெயர் கூப்பிடுகிறார்கள், வாய்ப்பாடு சொல்லும் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்துவிடுகிறது. கொரோனா அப்போது முற்றாகப் போய்விடவில்லை. ஆனாலும் பிள்ளைகள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிப் பிடித்து விளையாடினார்கள். ஆசிரியர்களும் கண்டும் காணாமல் இருந்தார்கள். பள்ளி உண்மையாகத் திறந்தது அப்போதுதான் என்று சொல்லலாம். 2021 நவம்பர் 1 அன்று தோரணம் கட்டி, இனிப்புக் கொடுத்துத் திறந்தார்கள். நான்காம் நாள் தீபாவளி. அதன் பிறகு விடாத மழை, நாளுக்கொரு விடுமுறை. பிள்ளைகள் பழகி உட்காருவதற்குள் ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மறுபடியும் பூட்டு. பிப்ரவரிக்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஆனது.

எங்களுக்கு இதில் ஒளிவுமறைவில்லாத மகிழ்ச்சி. பள்ளி மூடிக் கிடந்த 19 மாதங்களில் அதிகம் இழந்தவர்கள் எங்கள் பிள்ளைகள். 2021 செப்டம்பரில் பொருளியல் அறிஞர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வசதி குறைந்த வீடுகளைச் சேர்ந்த சுமார் 1,400 பிள்ளைகளைச் சந்தித்து எழுதியது அது. கிராமப்புறத் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் இணைய வழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் நூற்றுக்கு 4 பேர்தான். கிராமத்தின் மற்ற பிள்ளைகளில் 15 பேர். பள்ளியைச் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று சொன்ன தலித், பழங்குடிப் பெற்றோர் நூற்றுக்கு 98 பேர். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமே என்று தொலைக்காட்சி விவாதங்களில் பேசியவர்களின் பிள்ளைகள் அந்த நேரத்தில் வீட்டுக் கணினியில் வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காலனியில் நிலைமை வேறு. வீட்டுக்கு ஒரு செல்பேசி இருந்தால் பெரிது. அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். கல்வித் தொலைக்காட்சி நல்ல முயற்சிதான். ஆனால் பெற்றோர் கரும்பு வெட்டுக்குப் போகும்போது பிள்ளையும் கூடப் போய்விட்டால் எந்தத் தொலைக்காட்சி அதற்குப் பாடம் நடத்தும்? செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமாகப் போன இருளர் வீடுகளில் எட்டு வயதுப் பிள்ளையும் கல் அடுக்கியது. அந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை பள்ளி வாசலை முதன்முதலாக மிதித்ததே 2021 நவம்பரில்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்பை முழுதாக முடிக்காமல் வெளியே போய், தேர்வில்லாமலே இரண்டு வகுப்பு ஏறி வந்திருந்தது. அதன் கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துப் படி என்றால் அது நம் முகத்தைத்தான் பார்க்கும்.

ஆகவே வழக்கம் திரும்பியது நல்லது. ஆனால் எந்த வழக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘இயல்பு நிலை’ என்ற சொல்லை அப்போது எல்லாச் சுற்றறிக்கையிலும் கண்டோம். நன்னூல் படித்தவர்களுக்கு இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்ற பிரிவு நினைவிருக்கும். தகுதி வழக்கில் மங்கலம் என்று ஒன்று உண்டு: சொல்லக் கூசுவதை நல்ல சொல்லால் மூடிச் சொல்வது, சுடுகாட்டை நன்காடு என்பதுபோல. இந்த ‘இயல்பு நிலை’யும் பல ஊர்களில் அந்த மங்கல வகையைச் சேர்ந்ததுதான்.

பெருந்தொற்று நம் பள்ளிகளில் ஒரு மாற்றத்தைச் செய்தது. அதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை. இருபது, முப்பது ஆண்டுகளாக ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகத் தனியார் நர்சரிப் பள்ளி வேன் தெருமுனைக்கு வந்து நின்றது. ஊருக்குள் இருக்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மிஞ்சியவர்கள் காலனிப் பிள்ளைகளும், ஊரில் வேனுக்குக் கட்ட முடியாத சில வீட்டுப் பிள்ளைகளும். கட்டடம் ஊரில், பிள்ளைகள் காலனி. ‘அது காலனிப் பள்ளிக்கூடம்’ என்று பெயரே விழுந்துவிட்டது. ஊரடங்கில் வருமானம் போனதும் வேன் நின்றது. மூடிக் கிடந்த பள்ளிக்குக் கட்டணம் கட்ட மனமும் இல்லை, காசும் இல்லை. மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கான பிள்ளைகள் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். நம் மாவட்டத்திலும் பல பள்ளிகளில் சேர்க்கை கூடியது. சேர்க்கை குறைந்ததால் மூடப்பட்டுவிடுமோ என்றிருந்த பள்ளிகளுக்குக்கூட உயிர் வந்தது.

இதன் பொருள் என்ன? ஒரே ஊரில் பிறந்து, ஒரே வயதில் இருந்தும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனை பொதுக்கூட்டம் போட்டும் எங்களால் செய்ய முடியாத காரியம் இது. ஊர் மனம் மாறி வந்ததல்ல, காசில்லாமல் வந்ததுதான். இருந்தாலும் வந்திருக்கிறார்கள். அந்த வகுப்பறையில் என்ன வழக்கம் ஏற்படுகிறது என்பதே இன்றைய கேள்வி.

நாங்கள் சென்று பார்த்த ஒரு பள்ளியில் மதிய நேரம் இப்படி நடக்கிறது. மணி அடித்ததும் ஒரு பகுதிப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்துப் பக்கம் போகிறார்கள். இன்னொரு பகுதிப் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு தாழ்வாரத்தில் உட்காருகிறார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆசிரியரைக் கேட்டால், தொற்றுக்குப் பயந்து வீட்டிலிருந்து கொடுத்து அனுப்புகிறார்கள் என்கிறார். தொற்றுக்குப் பயப்படுவது நியாயம்தான். டிபன் பாக்ஸ் கொண்டுவரும் எல்லாப் பிள்ளைகளையும் சாதியோடு முடிச்சுப் போட நாங்கள் தயாரில்லை. எங்கள் தெருவிலும் பிள்ளைக்குப் பிடித்ததைக் கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். ஆனால் தட்டுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் ஓடும் கோடு, ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஓடும் கோட்டோடு அப்படியே பொருந்தி நின்றால் அதற்குத் தொற்று காரணமாக முடியாது. வகுப்பறைக்குள் அதே பிள்ளைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். முகக்கவசமும் இல்லை. சோறு என்று வந்தால் மட்டும் கொரோனா நினைவுக்கு வருகிறது.

2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். அரசுப் பள்ளிக்குச் சமைக்க வந்தவர் தலித் பெண் என்பதற்காக ஆதிக்கச் சாதியினர் திரண்டு வந்து தடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. இன்று அப்படித் திரண்டு வரத் தேவையே இல்லை. டிபன் பாக்ஸைக் கொடுத்து அனுப்பினால் போதும். வழக்கும் இல்லை, செய்தியும் இல்லை. சமைப்பவர் காலையில் வந்து அரிசி களைந்து, முட்டை அவித்து வைத்துவிட்டு, சாப்பிட வராத பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். யாரிடம் புகார் கொடுப்பது, என்னவென்று கொடுப்பது?

தண்ணீரும் அப்படித்தான். அவரவர் பாட்டில் கொண்டுவர வேண்டும் என்பது தொற்றுக் காலத்து விதியாக இருந்தது. வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். எங்கள் பிள்ளைகள் காலியான குளிர்பான பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தார்கள். பாட்டில் தீர்ந்தால் குழாய்க்குத்தான் போக வேண்டும். குழாயடியில் இப்போது எங்கள் பிள்ளைகள் மட்டும் நிற்பதைப் பார்க்கும்போது, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த 1924ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. 2024இல் அதற்கு நூறு வயது ஆனது.

பிறகு, துடைப்பம். 19 மாதம் பூட்டிக் கிடந்த பள்ளிகளில் புதர் மண்டியிருந்தது, பாம்புகூட இருந்தது. திறப்பதற்கு முன் அவற்றைச் சுத்தம் செய்தவர்கள் ஊராட்சித் தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் எந்தத் தெரு என்று எழுத வேண்டியதில்லை. திறந்த பிறகு அன்றாடம் கூட்டுவது யார்? தூய்மைப் பணியாளருக்குக் கிடைப்பது சொற்பத் தொகை. அதுவும் மாதம் தவறாமல் வருவதில்லை. அவர் வராத நாளில் ஆசிரியர் வகுப்பைப் பார்த்து ‘ரெண்டு பேர் வாங்க’ என்கிறார். எழுந்து வருவது எந்த இரண்டு பேர் என்று கொஞ்சம் கவனியுங்கள். சில சமயம் ஆசிரியர் பெயர்கூடச் சொல்வதில்லை. பிள்ளைகளே தெரிந்து எழுந்துவிடுகிறார்கள். எங்களுக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. வகுப்பறையைக் கூட்டுவது இழிவான வேலை அல்ல. பதிவேட்டு எண் வரிசைப்படி முறை வைத்து, கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டு எல்லாப் பிள்ளைகளும் கூட்டட்டும். கழிப்பறை வேலையை மட்டும் எந்தப் பிள்ளையிடமும், எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது.

ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டு ஆசிரியர்களை வைத்துக்கொண்டு ஐந்து வகுப்பு நடத்துகிறார்கள். அதற்கு நடுவில் செயலியில் பதிவேற்றம் வேறு. மற்றொரு பள்ளியில் ஒரு தலைமையாசிரியை பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஒன்றைச் செய்தார். பாக்ஸ் கொண்டுவந்தாலும் சரி, தட்டில் வாங்கினாலும் சரி, எல்லோருக்கும் ஒரே பந்தி, வகுப்பு வரிசைப்படி. பந்தியின் நடுவில் அவரும் தட்டோடு உட்கார்ந்து சத்துணவையே சாப்பிட்டார். முதலில் ஊரிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் சிந்தாமல் சாப்பிடுகிறார்களா என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வசதி என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது பாக்ஸ் கொண்டுவரும் பிள்ளைகளே முட்டைக்குத் தட்டு நீட்டுகிறார்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை.

‘இல்லம் தேடிக் கல்வி’யிலும் இதே சோதனை இருந்தது. 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தது மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில், நம் மாவட்டத்தில்தான். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த எங்கள் பெண்கள் பலர் தன்னார்வலர்களாகச் சேர்ந்து, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலைதோறும் பாடம் சொன்னார்கள். காலனிப் பிள்ளைகள் ‘அக்கா, அக்கா’ என்று மொய்த்துக்கொண்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் அந்த அக்காவிடம் வந்தார்களா? சில இடங்களில் வந்தார்கள். சில இடங்களில் ஊருக்கு ஒரு மையம், காலனிக்கு ஒரு மையம் என்று தானாகவே பிரிந்துவிட்டது. தூரத்தைக் காரணமாகச் சொன்னார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருகை நன்றாக இருக்கிறது என்று பள்ளிகள் சொல்கின்றன. வருகிற பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இருந்தும் 2022 பிப்ரவரி முழுவதும் வராத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எந்தத் தெரு? தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட பெண் பிள்ளைகளும் சூளையிலிருந்து திரும்பாத பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். பள்ளி அமைதியாக நடக்க நடக்க இவர்களை மறப்பது எளிதாகிவிடுகிறது. சூளை வேலை மழைக்கு முன் முடிந்து குடும்பங்கள் திரும்பும்போது, அந்த ஆண்டே முடிந்துபோயிருக்கும்.

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, எல்லா அரசுப் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு பற்றிய பெற்றோர் கூட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். பள்ளிக்குள் பாகுபாடு நடக்காமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை, உள்ளாட்சியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. அதுவரை பல இடங்களில் இந்தக் குழு காகிதத்தில்தான் இருந்தது. காலனித் தாய்மார்களிடம் வீடு தேடி வந்து கையெழுத்து வாங்கிப் போவார்கள்; எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது, வாங்கியவரும் சொல்ல மாட்டார்.

இனி கையெழுத்தைப் பள்ளிக்குப் போய்ப் போடுவோம். கூலி வேலைக்குப் போகும் தாய்மார்களும் அரை நாள் ஒதுக்கலாம். போனவர்கள் பந்தியைப் பற்றிக் கேட்க வேண்டும். கூட்டும் முறை எழுதிப் போடப்பட்டிருக்கிறதா, வராத பிள்ளைகளைத் தேடி யார் போனார்கள் என்று கேட்க வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகளின் தாய்மார்களிடமும் பேச வேண்டும். ஜூனில் வேன் மறுபடியும் தெருமுனைக்கு வரும், அதற்கு முன் பேசினால்தான் உண்டு. இப்போதைக்குத் தலைமையாசிரியர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள்: கூட்ட அறிவிப்பை ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதோடு நிறுத்தாமல், காலனித் தண்ணீர்த் தொட்டியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். பசையும் ஆளும் நாங்கள் கொண்டுவருகிறோம்.