தாளம் அடித்தவருக்கு என்ன கிடைத்தது?

எங்கட நண்பர் வட்டத்தில் லேப்டொப்பில் பீட் செய்யும் பெடியள் சிலர் இருக்கிறார்கள். பழைய பாட்டொன்றிலிருந்து நாலைந்து செக்கனை வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதுக்கு மேல தங்கட வரிகளைப் பாடுவார்கள். சாம்பிளிங் என்பது இதைத்தான். "உது களவெல்லோ?" என்று யாரும் கேட்டால் நாங்களும் கொஞ்சம் தடுமாறித்தான் போகிறோம்.

ஹிப் ஹொப் பிறந்த நியூயோர்க்கில் 1991 இல் இதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர், கில்பர்ட் ஓ'சலிவனின் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்திருந்தார். அனுமதி கேட்டவர்தான், ஆனால் அது கிடைக்க முதலே அல்பம் வெளிவந்துவிட்டது. களவைத் தடுக்கும் வேதக் கட்டளையோடுதான் நீதிபதி தீர்ப்பையே தொடங்கினார். அந்தப் பாட்டுக்குத் தடை. போதாக்குறைக்கு, குற்ற வழக்குக்கும் பரிந்துரை.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி, காசு என்றாகிவிட்டது. 1988 இல் பப்ளிக் எனிமி குழு செய்ததைப் போல ஒரே பாட்டுக்குள் பல துண்டுகளை அடுக்குவது கட்டுப்படியாகாத வேலையாகிப் போனது. காசுள்ளவர் ஒரு துண்டையாவது வாங்கலாம். இல்லாதவர் என்ன செய்வார்?

சரி, கலைஞருக்காவது நியாயம் கிடைத்ததா? அங்கதான் இடிக்குது. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி ட்ரம்மர்' (1970) பாட்டில் ட்றம்ஸ் அடித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். அந்தச் சில செக்கன் தாளம் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பாட்டை எழுதியவராக அவருடைய பெயர் இல்லை. அதனால் உரிமைத்தொகையில் அவருக்குப் பங்கும் இல்லை. 2017 இல் இறந்துபோனார். அனுமதிக் காசு, உரிமையை வைத்திருப்பவரின் கைக்குத்தான் போகிறது. தாளம் அடித்த கைக்குப் போவதில்லை.

எல்லாத்தையும் சும்மா எடுக்கலாம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஒருமுறை பதிவாகி வெளிவந்த பாட்டை வேறொருவர் திருப்பிப் பாடிப் பதிவு செய்ய அமெரிக்காவில் உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. சட்டம் சொல்கிற தொகையைக் கட்டினால் போதும். 1909 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்த ஏற்பாடு இது. துண்டெடுப்பதற்கும் அப்படியொரு தொகை வைத்தால் என்ன? அதில் ஒரு பங்கு, வாசித்தவருக்கும் போகட்டும்.

அதுவரைக்கும், "உது களவெல்லோ?" என்று எங்களிடம் கேட்கிறவர்களிடம் நாங்களும் ஒன்று கேட்கிறோம்: ஸ்டபிள்ஃபீல்டின் பங்கை எடுத்தது ஆர்?