புக்கை மூடுங்க பாஸ்!

ஒரே பாடத்தை நாலு தடவை படிச்சாச்சு. ஹைலைட்டரும் காலி. ஆனா எக்ஸாம் ஹால்ல, பக்கத்தின் மூலையில் இருந்த படம் ஞாபகம் வருது, விடை வரலை. அரியர் லிஸ்ட்டில் பேர் மட்டும் கரெக்டா வருது. உங்க கதையும் இதுதானா?

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். ஒரு குரூப் நாலு சுற்றும் பாடத்தைப் படித்தது. இன்னொரு குரூப் முதல் சுற்றில் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்றிலும் பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. அஞ்சு நிமிஷத்தில் டெஸ்ட் வைத்தால் முதல் குரூப்தான் கிங். ஒரு வாரம் கழித்து? படித்தவர்களுக்கு நினைவில் நின்றது 40 சதவீதம், எழுதியவர்களுக்கு 61!

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போறவங்களுக்கு இது லட்டு மாதிரி. ஸ்டாப்பில் நிற்கும்போது ஒரு தலைப்பைப் படிங்க. ஏறினதும் புக்கைப் பைக்குள்ள போட்டுடுங்க (புட்போர்டுல வேற என்ன பண்ண முடியும்?). மலைக்கோட்டை கண்ணை விட்டு மறைஞ்சதும் மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. முட்டுதா? இறங்கினதும் முட்டின இடத்தை மட்டும் பாருங்க. சாயங்கால பஸ்ஸில் இன்னொரு ரவுண்டு. பக்கத்து சீட் ஃப்ரெண்டுக்கு விளக்குங்க. அவன் "ஏன்டா அப்படி?"ன்னு கேட்டு மடக்கினால், நீங்க புரியாம உருப்போட்டது அங்கேயே தெரிஞ்சிடும்.

கணக்கு, டெரிவேஷன் மட்டும் பஸ்ஸில் வேணாம். அதுக்குப் பேனா வேணும்!