ஆலோசனைக் குழுவில் இடமில்லை, குப்பைமேட்டில் இடமுண்டு

மும்பை மாநகராட்சி, திடக்கழிவு மேலாண்மைக்கான புதிய துணைவிதிகளின் வரைவை 2025 ஏப்ரல் முதல் நாளில் வெளியிட்டு, மே 31 வரை பொதுமக்களின் கருத்துகளைக் கோரியது. 50 சதுர மீட்டருக்கு உட்பட்ட வீட்டுக்கு மாதம் 100 ரூபாய், 50 முதல் 300 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்கு 500 ரூபாய், அதற்கும் மேற்பட்டவற்றுக்கு 1000 ரூபாய் எனக் குப்பைக்குக் கட்டணம் விதிக்க அவ்வரைவு முன்மொழிகிறது. கருத்துக்கேட்புக் காலம் முடிய மூன்று நாட்கள் இருக்கையில், மே 28 அன்று, முதலமைச்சர் தேவேந்திர ஃபட்னாவிஸ் தாராவி மறுமேம்பாட்டின் முதன்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கினார். குப்பையைப் போடுகிறவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அக்குப்பையை மீண்டும் பொருளாக்கித் தருகிறவர்களின் தொழிற்கூடங்கள் இனி எங்கே இருக்கும், இருக்குமா என்பதோ அவர்களைக் கேளாமலே முடிவாகிறது. குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் வழக்கமாகக் குடியிருப்போரின் சம்மதம் பெற்றாக வேண்டும். தாராவிக்கு மட்டும் அந்த நிபந்தனை நீக்கப்பட்டுள்ளது.

இவ்விரு முடிவுகளும் எடுக்கப்பட்ட காலத்தில் மும்பைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லை. 2022 மார்ச் 7 அன்று மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தொடங்கிய நிர்வாகி ஆட்சி மூன்றாண்டுகளைக் கடந்து நீடித்தது. மாமன்றம் கலைந்த ஆறாம் நாள், மார்ச் 13 அன்று, மும்பை காலநிலைச் செயல்திட்டம் ஆரவாரத்துடன் வெளியிடப்பட்டது. கழிவு மேலாண்மை, காற்றின் தரம், வெள்ளத் தடுப்பு உள்ளிட்ட ஆறு துறைகளில் 2050 வரைக்கும் இலக்குகளை வகுக்கும் அத்திட்டத்தை வரிக்கு வரி விவாதித்திருக்க வேண்டிய மன்றம் அப்போது உயிரோடு இல்லை. மாமன்றம் இல்லையென்றால் அதன் உறுப்பினர்களைக் கொண்டு அமையும் வார்டு குழுக்களும் இல்லை. எஞ்சியிருந்தவை ஆணையரின் அலுவலகமும், அது விரும்பும்போது அழைத்துப் பேசும் ஆலோசகர்களும்தான்.

ஆலோசனை கூறுவோர் யார்?

1993 ஜூன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. மும்பை மாநகராட்சிச் சட்டம் அக்குழுக்களில் தொண்டு நிறுவனங்கள், சமூக அமைப்புகள் ஆகியவற்றிலிருந்து மூவர் வரை நியமிக்கப்படலாம் என்கிறது. கேரளத்தின் வார்டு சபையைப் போல வாக்காளர் அனைவரும் கூடும் அவை இங்கே உருவாகவில்லை. அந்த வெற்றிடத்தில் வேறொன்று வளர்ந்தது. 1990களின் பிற்பகுதியில், மாநகராட்சியின் ஊக்கத்தோடு, ‘ஏ.எல்.எம்.’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வட்டார மேலாண்மைக் குழுக்கள் தெருத்தெருவாகத் தோன்றின. ஈரக்குப்பையை உரமாக்குதல், உலர்குப்பையைத் தனியே பிரித்தல், நடைபாதையைச் சீரமைத்தல் என அவை நற்பணிகள் பலவற்றைச் செய்தன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள அடுக்ககத் தெருக்களில் அப்பணியை இழிவாகப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வார்டு அதிகாரியோடு நேரடியாகப் பேசும் உரிமை பெற்ற இக்குழுக்கள் ஏறக்குறைய முற்றிலும் சொந்த வீடு உடையோரின் குழுக்களாகவே அமைந்தன. குடிசைப் பகுதிகளுக்கோ ‘தத்தக் வஸ்தி யோஜனா’, அதாவது தத்தெடுப்புத் திட்டம், தரப்பட்டது. ஒரு பகுதிக்கு ‘மேலாண்மை’. மறு பகுதிக்குத் ‘தத்து’. பெயர் சூட்டிய அதிகாரிகள் தம்மை அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார்கள். குடிசைவாசிகள் தம் தெருவைக் கூலிக்குப் பெருக்கலாம். நகரம் தன் குப்பையை என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு நாற்காலி இல்லை.

ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளையும் இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். குப்பையைக் குறைப்பதில் குப்பை சேகரிப்போரும் மறுசுழற்சித் தொழிலும் ஆற்றும் முதன்மைப் பங்கை மாநிலக் கொள்கைகள் ஏற்க வேண்டும் என்றும், அவர்களின் அமைப்புகளை உள்ளாட்சிகள் அங்கீகரிக்க வேண்டும் என்றும் அவை கூறின. போராடிப் பெற்ற வாசகங்கள் அவை. ஆனால் மாநில ஆலோசனைக் குழுவின் உறுப்பினர் பட்டியலுக்கு வந்ததும் மொழி மாறுகிறது. துறைச் செயலாளர்கள், வல்லுநர்கள், தொழில்துறைப் பிரதிநிதி ஆகியோருக்கு நடுவே ஓர் இடம்: குப்பை சேகரிப்போருக்காகவோ, முறைசாரா மறுசுழற்சியாளருக்காகவோ, திடக்கழிவு மேலாண்மைக்காகவோ பணியாற்றும் தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர். இந்த ‘ஓ’காரங்களைக் கவனிக்க வேண்டும். குப்பை பொறுக்கும் பெண்ணுக்கு இடம் இல்லை. அவருக்காகப் பேசுபவருக்கு இடம் இருக்கலாம். அதுவும் இல்லாமல், உரம் தயாரிக்கக் கற்பிக்கும் நிறுவனத்தைக் கொண்டே அந்த இடத்தை நிரப்பிவிடவும் விதி இடம் தந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய இந்தக் குழுவில் உழைப்பாளி உட்கார்வதற்குச் சட்டம் எழுதியவர்கள் ஓர் எழுத்தைக்கூடச் செலவிடவில்லை.

பதின்மூன்றாம் காம்பவுண்டில் நடப்பது

தாராவியின் 13ஆவது காம்பவுண்டுக்குள் வரும் மூட்டை, அதற்கு முன்பே பல கைகள் மாறியிருக்கும். தெருவில் பொறுக்குபவர், சிறிய பங்கார் கடைக்காரர் (சென்னையில் காயலான் கடை என்பதை மும்பைத் தமிழர் இந்தப் பெயரால்தான் அழைப்பர்), மொத்த வியாபாரி, அதன் பிறகு தாராவி. இங்கே முதல் வேலை தரம் பிரித்தல். ஒரு பிளாஸ்டிக் துண்டை வளைத்துப் பார்த்தும், தட்டி ஓசை கேட்டும், நெருப்பில் காட்டி முகர்ந்தும், நீரில் போட்டு மிதக்கிறதா அமிழ்கிறதா என நோக்கியும் அதன் வகையைச் சொல்லிவிடுகிறார்கள். வாளியும் மூடியும் மிதக்கும். தண்ணீர் பாட்டிலும் பி.வி.சி. குழாயும் அமிழும். பின்னர் நிறவாரியாகப் பிரித்து, எந்திரத்தில் அரைத்துத் துகளாக்கி, கழுவி, கூரைமேல் காயவைத்து, உருக்கிக் கம்பியாக இழுத்து வெட்டினால் ‘தாணா’ என்னும் மணிகள் கிடைக்கும். அவை ஆலைகளுக்கு மூலப்பொருளாகச் செல்கின்றன. ஆய்வுக்கூடம் செய்ய வேண்டிய பகுப்பாய்வை இங்கே ஒரு பெண்ணின் விரல்களும் மூக்கும் செய்கின்றன.

இதை ‘தொழில் முனைவின் அற்புதம்’ எனப் புகழ்ந்து எழுதும் ஒரு வழக்கமும் உண்டு. சுற்றுலாப் பயணிகளை அழைத்து வந்து காட்டுகிறார்கள். அப்புகழுரையில் கூலியைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. உருகும் பிளாஸ்டிக்கின் புகையைச் சுவாசிப்பவருக்கு முகக்கவசமில்லை. விரல் போனால் இழப்பீடில்லை. வேலை செய்யும் இடத்தின் பரணிலேயே உறக்கம். சிறு முதலாளி தன் செலவை உழைப்பாளியின் உடல்மீதே ஏற்றுகிறார். அவரைப் பிழிகிற ஆலை அதிபர் மலிவான மூலப்பொருளால் ஆதாயம் காண்கிறார். எனவே இத்தொழில் இன்றுள்ளபடியே நிலைக்க வேண்டும் என்பது உழைக்கும் வர்க்கத்தின் கோரிக்கையாக இருக்க முடியாது. தண்ணீர், காற்றோட்டம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தொழிலாளர் ஈட்டுறுதி ஆகியவற்றோடு அது தாராவியிலேயே தொடர வேண்டும் என்பதே கோரிக்கை. அதற்கு இடம் வேண்டும்.

இடக்கணக்கில்தான் சூழ்ச்சி உள்ளது. தகுதி பெறும் வணிகக் கூடத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 225 சதுர அடி வரை. அரைக்கும் எந்திரம், கழுவும் தொட்டி, மூட்டைக் குவியல் ஆகியவற்றை அதற்குள் எப்படி அடக்குவது? காயவைக்கக் கூரை எங்கே? 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளக் கட்டடங்களுக்கே தாராவிக்குள் இலவச மறுவாழ்வு. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்கள் இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி வெளியே செல்ல வேண்டும். அதற்கும் பிந்தியோரும், மேல்தளங்களில் இருப்போரும் வெளியே வாடகை வீட்டுக்கு. பரணில் உறங்கும் தொழிலாளிக்குக் கணக்கெடுப்பில் முகவரியே இல்லை.

நிபுணர் சொன்னதும் கேட்கப்படவில்லை

ஆலோசனை பெறுவதற்கு ஆளில்லை என்பதும் உண்மையன்று. 2009இல், காங்கிரஸ் கூட்டணி ஆட்சியின்போது, தாராவித் திட்டத்துக்கென ஒரு நிபுணர் குழுவை மாநில அரசே அமைத்தது. முன்னாள் தலைமைச் செயலாளர் டி.எம். சுக்தன்கர் அதன் தலைவர். புரட்சிக்காரர்கள் நிரம்பிய குழு அன்று அது. அவ்வாண்டு ஜூலையில் முதலமைச்சருக்கு எழுதிய திறந்த கடிதத்தில், இத்திட்டம் நாசூக்கான நில அபகரிப்பு என்று அக்குழு கண்டித்தது. கடிதம் கோப்பில் சேர்ந்தது. அதன்பின் ஆட்சிகள் மாறின. 2019இல் 7,200 கோடி ரூபாய்க்கு வந்த ஏலக்கேள்வி ரத்தாயிற்று; நிபந்தனைகள் மாற்றப்பட்டு, 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் திட்டத்தை வென்றது. இன்றைய கூட்டு நிறுவனத்தில் அதானிக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. தாராவிக்கெனத் தனித் திட்டமிடல் அதிகார அமைப்பு உள்ளதால், மாநகராட்சியின் 2034 வளர்ச்சித் திட்டம் இப்பகுதிக்குள் கால்வைப்பதில்லை. ஜி-வடக்கு வார்டு குழு கூடினாலும், தாராவியின் நிலப்பயன்பாடு குறித்து அது தீர்மானம் போடலாம். திட்டம் போட முடியாது.

வெளியேற்றப்படுவோர் செல்ல வேண்டிய இடங்களில் ஒன்று தேவ்னார். 1927 முதல் மும்பையின் குப்பையைச் சுமக்கும் மேடு அது. 2016 ஜனவரியில் அங்கே பற்றிய தீயின் புகை நாட்கணக்கில் நகரை மூடியது. அம்மேட்டின் சுமார் 124 ஏக்கரைத் தாராவித் திட்டத்துக்கு ஒதுக்க 2024 அக்டோபரில் மாநில அரசு முடிவு செய்தது. 185 லட்சம் டன் பழங்குப்பையை அகற்ற 2,368 கோடி ரூபாய்க்கு 2025 மே மாதம் மாநகராட்சி ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறது. நிலத்தைத் துப்புரவாக்கும் செலவு மக்களின் வரிப்பணம். துப்புரவான பின் அதனால் தாராவியில் காலியாகும் நிலத்தின் ஆதாயம் தனியாருக்கு. நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் குப்பை கையாளும் நிலையத்தைச் சுற்றிக் கட்டுமானமற்ற இடைவெளி வேண்டும் என்று கூறும் அதே 2016 விதிகளின் காலத்தில், குப்பைமேட்டின்மீதே குடியமர்த்தும் யோசனை பிறந்திருக்கிறது.

செம்பூர்ப் பக்கத்து மக்களுக்கு இது புதிதன்று. தான்சா குடிநீர்க் குழாயோரம் வாழ்ந்தவர்களை வெளியேற்றி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே மாஹுலில் அடுக்கினார்கள். அங்குள்ள காற்று உடல்நலத்துக்கு அச்சுறுத்தல் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே கூறியிருந்தது. வீதியில் அமர்ந்து அம்மக்கள் போராடிய பிறகு, 2019இல், மாஹுலுக்குப் போக மறுப்போருக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை தருமாறு மும்பை உயர் நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. தேவ்னாரும் கோவண்டியும் அடங்கிய எம்-கிழக்கு வார்டு, 2009 மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் நகரின் கடைசி இடத்தில் இருந்தது. நகரின் சுற்றுச்சூழலைக் காப்பதன் விலையை எப்போதும் ஒரே வார்டு செலுத்துகிறது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. பூனாவில் 1993இல் சங்கமாகத் திரண்ட குப்பை சேகரிப்போர், 2008 முதல் தம் சொந்தக் கூட்டுறவான ‘ஸ்வச்’ வழியாக மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்து வீடுவீடாகக் குப்பை பெறுகிறார்கள். கேரளத்தில் ஹரித கர்ம சேனையின் பெண்கள் திரட்டும் கட்டணம் அவர்களுக்கே வருமானமாகிறது. மும்பை வரைவின் 100 ரூபாயிலும் 500 ரூபாயிலும் குப்பை பொறுக்குபவரின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு விடை இல்லை. பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்டே நகரில் 1990இல் காகிதம் பொறுக்குவோர் தொடங்கிய ‘அஸ்மாரே’ சங்கத்தை, 1993இல் பொறுப்பேற்ற தொழிலாளர் கட்சியின் நகராட்சி தன் பங்காளியாக ஏற்றது. மும்பையிலேயே ஸ்த்ரீ முக்தி சங்கடனா 1998 முதல் குப்பை சேகரிக்கும் பெண்களைத் திரட்டி வந்துள்ளது. ஆகவே ஆள் கிடைக்கவில்லை என்று எந்த ஆணையரும் சாக்குச் சொல்ல இயலாது.

மும்பைத் தமிழர் இயக்கங்களுக்கும் இங்கே ஒரு பொறுப்பு உண்டு. மாட்டுங்காவின் தமிழர் கருத்துக்கேட்புக்கு மனு எழுதுகிறார். தாராவித் தொண்ணூறடிச் சாலையின் தமிழர் கணக்கெடுப்பில் தன் வீட்டுக்கு எண் விழுந்ததா என்று அலைகிறார். மொழிச் சங்கங்கள் இருவரையும் பொங்கல் விழாவில் ஒன்றாக அமர்த்துகின்றன; குப்பைக் கட்டணமும் தகுதிப் பட்டியலும் வரும்போது பிரித்துவிடுகின்றன. தாராவியின் விளிம்பிலுள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப்தான் அண்ணாபாவ் சாத்தே வாழ்ந்த இடம். 1944இல் அமர் ஷேக்கும் அவரும் கவாண்கரும் ‘லால் பாவ்டா’ கலைக்குழுவைத் தொடங்கினார்கள். துப்புரவுத் தொழிலாளரின் அந்தக் குடியிருப்பில் மராத்தியரும் தமிழரும் ஒரே கொடியின்கீழ் நின்ற வரலாறு பழங்கதையாகிவிடவில்லை.

உள்ளாட்சித் தேர்தல்களை நான்கு மாதங்களுக்குள் முடிக்குமாறு 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வேட்பாளர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, வார்டு குழுவின் மூன்று நியமன இடங்களில் ஒன்று குப்பை சேகரிப்போர் சங்கம் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினருக்கு என்று எழுதித் தரக் கேட்க வேண்டும். குப்பைக் கட்டணம் வசூலிக்கப்படுமானால் அது தொழிலாளரின் கூலியாகவும் ஈட்டுறுதியாகவும் மாற வேண்டும். 13ஆவது காம்பவுண்டின் கூடங்கள் எத்தனை, மேல்தளங்களில் உழைப்போர் எத்தனை பேர் என்ற கணக்கு சங்கங்களின் முன்னிலையில், வீட்டுக் கணக்கெடுப்புக்குத் தனியாக எடுக்கப்பட வேண்டும். அக்கணக்கு வெளியாகும் வரை அங்குள்ள ஓர் எந்திரத்தையும் கழற்றக் கூடாது.