இரண்டு குறிகளின் மதிப்பு

“இதற்கெல்லாம் ஒரு வரி எழுதுவார்களா?”

என் தொழிற்பயிற்சி அறிக்கையின் வரைவைப் புரட்டிக்கொண்டிருந்த மேற்பார்வை விரிவுரையாளர் மலாயில் கேட்ட கேள்வி இது. நான் எழுதியிருந்தது இதுதான்: “ஒரு கட்டற்ற மென்பொருளின் அமைவுக் கையேட்டிலிருந்த குறியீட்டுப் பிழையைத் திருத்தினேன். திருத்தம் ஏற்கப்பட்டது.”

“எத்தனை எழுத்து மாற்றினாய்?”

“இரண்டு, டாக்டர்.”

அவர் சிரித்துவிட்டு அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். மாலையில் மொழிக் கழக அறையில் இதைச் சொன்னபோது அங்கிருந்த அண்ணன் ஒருவரும் சிரித்தார். “ஏம்மா, இனி முற்றுப்புள்ளி வைத்ததற்கும் சான்றிதழ் கேட்பாய் போலிருக்கே!”

அண்ணன் நல்லவர். விரிவுரையாளரும் நல்லவர். ஆனால் இருவரும் தவறு என்பதுதான் என் கருத்து. கணினி படிக்காத நண்பர்களுக்கும் விளங்கும்படி காரணத்தைச் சொல்ல முயல்கிறேன்.

ஓர் இயங்குதளத்தை நாம் விரும்பியபடி நடக்கச் செய்ய அதில் ஏராளமான அமைவுத் தெரிவுகள் உண்டு. எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும், யார் உள்ளே வரலாம், பதிவேடுகளை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் இருக்கும். அவற்றை விளக்குவது கையேடு. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியோடு வெளிவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, கணினிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்குத் துணை அந்தப் பக்கங்கள்தான்.

அந்தப் பக்கங்கள் நாம் பார்க்கும் வடிவத்தில் எழுதப்படுவதில்லை. வெறும் எழுத்துகளுக்கு நடுவே சில குறிகளை இட்டு எழுதுகிறார்கள். ஒரு கருவி அந்தக் குறிகளைப் படித்து, ‘இது விளக்கம், இது அப்படியே தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளை, இது பட்டியல்’ என்று பிரித்துப் பக்கமாக்குகிறது. குறி பிசகினால் பக்கம் அழகில்லாமல் போகும், அவ்வளவுதானே என்று நானும் நினைத்திருந்தேன். அழகு போனால் பரவாயில்லை. எழுத்தே காணாமல் போகிறது.

பழைய யூனிக்ஸ் கையேட்டு முறையில் ஒரு வரி புள்ளியோடு தொடங்கினால், கருவி அதைத் தனக்கு இடப்பட்ட கட்டளையாக எடுத்துக்கொள்ளும். யூனிக்ஸ் உலகிலோ பல அமைவுக் கோப்புகளின் பெயரே புள்ளியில்தான் தொடங்குகிறது. எழுதியவர் வரியை மடக்கும்போது அப்படியொரு பெயர் வரியின் முதலில் வந்து விழுந்தால் போதும், அந்த முழு வரியும் பெரும்பாலும் சத்தமில்லாமல் மறைந்துவிடும். படிப்பவருக்கு ஒரு வரி குறைகிறது என்பதே தெரியாது.

இன்று பரவலாக இருப்பது மார்க்டவுன் முறை. 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்டது. எழுத எளிது. ஆனால் அதிலும் பொறிகள் உண்டு. அடுத்தடுத்த இரண்டு வரிகளில் இரண்டு அமைவுகளை எழுதி, ‘இது மாதிரிக் கட்டளை’ என்று குறி இடாமல் விட்டால், இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாகிவிடும். கோப்புப் பாதையில் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே நட்சத்திரக் குறி இருமுறை வந்தால், கருவி அதைச் சாய்வெழுத்துக்கான குறி என்று எண்ணி இரண்டு நட்சத்திரங்களையும் விழுங்கிவிடும். பின்சாய்கோட்டின் கதை இன்னும் மோசம். அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பயிற்சிக் காலத்தில் எனக்குக் கொடுத்த வேலை, ஒரு சோதனைச் சேவையகத்தை அமைப்பது. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே அது ஏற்க வேண்டும். அதற்கான அமைவுத் தெரிவில் முகவரியை ஒரு வடிவமாக எழுத வேண்டும். இந்த வடிவ மொழியில் புள்ளிக்கு ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள். உண்மையான புள்ளிதான் வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு இட வேண்டும். எனக்கு அப்போது இது தெரியாது. கையேட்டிலிருந்த எடுத்துக்காட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதினேன். அதில் பின்சாய்கோடு இல்லை.

சேவையகம் ஒழுங்காக வேலை செய்தது. சிக்கலே அதுதான். வேலை செய்யாமல் போயிருந்தால் உடனே தேடியிருப்பேன். ‘கடை.காம்’ உள்ளே வந்தது, சரி. ‘கடை-காம்’ வந்தாலும் அது உள்ளே விட்டிருக்கும். இரண்டு வாரம் கழித்து என் அமைவுக் கோப்பைச் சரிபார்த்த மூத்த பொறியாளர்தான் கண்டுபிடித்தார். சோதனைச் சேவையகம் என்பதால் சேதம் ஏதுமில்லை. “கையேட்டில் இப்படித்தான் இருந்தது” என்றேன். “கையேடு தப்பாக இருக்காது, நீ சரியாகப் படிக்கவில்லை” என்றார்.

நான் அதை நம்பினேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நான் படித்தது தமிழ்ப்பள்ளியில். பிறகு புகுமுக வகுப்பில் ஓராண்டு. அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி, எல்லாம் மலாயில். ஆங்கிலம் எனக்கு மூன்றாம் மொழி. கையேட்டுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வந்தால் தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று இத்தனை ஆண்டுகளில் பழகிவிட்டேன். இந்த மலரைப் படிக்கும் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும். அன்றிரவு அந்தப் பக்கத்தைப் பத்து முறையாவது படித்திருப்பேன். எந்தச் சொல்லை விட்டேன், எந்த இலக்கணம் எனக்குப் புரியவில்லை என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில், அந்தப் பக்கம் உருவாவதற்கு முன்பிருந்த மூல எழுத்தைத் திறந்து பார்த்தேன். பின்சாய்கோடு அங்கே இருந்தது! எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வடிவத்தின் இருபுறமும் இட வேண்டிய பேக்டிக் குறியை விட்டுவிட்டார். விசைப்பலகையில் 1 என்ற எண்ணுக்கு இடப்பக்கத்தில், நாம் யாரும் தொடாமல் தூசி படிந்து கிடக்குமே, அந்தக் குறிதான். அது இல்லாததால் கருவி வடிவத்தைச் சாதாரண வாக்கியமாக எடுத்துக்கொண்டு பின்சாய்கோட்டை நீக்கிவிட்டது. மார்க்டவுன் விதிப்படி அது செய்தது சரியே. எழுதியவருக்குத் தவறு தெரியாது, கருவிக்கும் தெரியாது. நடுவில் நான் மட்டும் என் ஆங்கிலத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலத்தில் சரளமாக உள்ளவர் வாக்கியத்தின் போக்கை வைத்தே ‘இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது’ என்று ஊகித்துவிடலாம். நம் போன்றவர்கள் வாக்கியத்தைவிட வடிவத்தைத்தான் அதிகம் நம்புகிறோம். சம அகல எழுத்தில் இருந்தால் அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும், சாய்வெழுத்தில் இருந்தால் அங்கே நம் சொந்தப் பெயரைப் போட வேண்டும் என்று கண்ணால் பார்த்து நடக்கிறோம். எனவே குறியீட்டுப் பிழை எல்லாரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாதவரையும் மொழியில் தடுமாறுபவரையும்தான் முதலில் பாதிக்கிறது.

இதையெல்லாம் கணினியே கண்டுபிடிக்காதா என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். நிக்ஸ் ஓஎஸ் என்ற இயங்குதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈல்கோ டோல்ஸ்ட்ரா என்பவர் 2006இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வின் அடிப்படையில் வளர்ந்தது அது. அதன் அமைவுத் தெரிவுகள் பத்தாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றின் விளக்கமும் நிரலிலேயே அந்தத் தெரிவின் பக்கத்தில் எழுதப்பட்டு, அதிலிருந்து கையேடு தானாக உருவாகிறது. முன்பு இந்த விளக்கங்களை டாக்புக் என்ற கண்டிப்பான முறையில் எழுதினார்கள். அதில் ஓர் அடைப்பை மூட மறந்தால் கையேடே உருவாகாது. பிழை அங்கேயே பிடிபடும். எழுதுவதுதான் பெரும்பாடு. 2022இல் தொடங்கி அவற்றை மார்க்டவுனின் ஒழுங்குபடுத்திய வடிவமான காமன்மார்க்குக்கு மாற்றினார்கள். எழுதுவது எளிதாயிற்று. ஆனால் காமன்மார்க்கில் எந்த எழுத்து வரிசையும் செல்லுபடியாகும். பிழை என்ற ஒன்றே அதன் விதிகளில் கிடையாது. நீங்கள் நினைத்தது வேறாக இருக்கலாம், அவ்வளவுதான். லினக்ஸ் கருவின் ஆவணங்கள் 2016இலிருந்து இன்னொரு முறைக்கு மாறின. அங்கே கட்டளையைச் சுட்ட பேக்டிக் குறியை இரட்டையாக இட வேண்டும். இங்கே ஒற்றை, அங்கே இரட்டை என்றால் இரண்டிலும் எழுதுகிறவர் குழம்பாமல் என்ன செய்வார்?

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் எங்கள் ஆசிரியை ‘வேலை தேடு’, ‘வேலைத் தேடு’ என்று கரும்பலகையில் எழுதி வேறுபாடு கேட்டது நினைவுக்கு வருகிறது. முதலாவது தொழிலைத் தேடச் சொல்கிறது. இரண்டாவது முருகன் கைவேலைத் தேடச் சொல்கிறது. இரண்டும் சரியான தமிழ்தான். எந்தப் பிழைதிருத்தியும் எதன் அடியிலும் சிவப்புக் கோடு போடாது. எழுதியவர் எதை நினைத்தார் என்று தெரிந்த ஒரு மனிதர் படித்தால்தான் பிழை வெளிப்படும். இந்த மலருக்கு மெய்ப்புப் பார்க்கும் நண்பர்கள் செய்வதும் அதைத்தானே? அவர்களை யாரும் ‘இரண்டு எழுத்து மாற்றினாய்’ என்று கேலி செய்வதில்லையே!

எதிர்த்தரப்பிலும் உண்மை இருக்கிறது. 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, ஒரு டி-சட்டைக்காகப் பலர் கண்ட கண்ட மென்பொருள்களின் அறிமுகப் பக்கத்தில் தேவையில்லாத சொற்களைச் செருகித் ‘திருத்தம்’ என்று அனுப்பினார்கள். சம்பளமில்லாமல் அந்த மென்பொருள்களைப் பராமரிப்பவர்கள் நொந்துபோனார்கள். நிகழ்வின் நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. என் விரிவுரையாளர் அப்படிப்பட்ட திருத்தங்களை மனத்தில் வைத்துக் கோடு போட்டிருந்தால் அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் எழுத்தை எண்ணி அவற்றைப் பிரித்தறிய முடியாது. அந்தத் திருத்தத்துக்கு முன் படிப்பவர் எதைத் தவறாகச் செய்திருப்பார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் திருத்தமும் தேவையில்லை.

நான் இப்போது பின்பற்றும் முறை எளிது. மூல எழுத்தையும் உருவான பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். திருத்தத்துக்குப் பின் பக்கத்தை நானே உருவாக்கிப் பார்க்காமல் அனுப்புவதில்லை. ஒரு முறை அவசரத்தில் அனுப்பி, ஒரு குறியை மூடாமல் விட்டு, அடுத்த பத்தி முழுவதையும் கட்டளையாக்கிவிட்டேன். நல்லவேளை, பார்வையிட்டவர் பிடித்துவிட்டார். அதே பக்கத்தில் அதே வகைப் பிழை வேறெங்கும் இருந்தால் சேர்த்தே திருத்துகிறேன். எழுதியவரின் வாக்கியத்தை என் விருப்பத்துக்கு மாற்றுவதில்லை. என் ஆங்கிலம் அதற்குப் போதாது. அதைச் சொல்வதில் இப்போது வெட்கமும் இல்லை.

கணினித் துறையில் படிக்கும் தம்பி தங்கைகள், கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க முதலில் பெரிய நிரலாளர் ஆக வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு கையேட்டைப் படித்துப் புரியாமல் தவித்த இடம் எதுவோ, அதன் மூலத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பாதி நேரம் தவறு உங்களுடையதாகவே இருக்கும். என்னுடையதும் அப்படித்தான்.

அந்த இரண்டு பேக்டிக் குறிகளையும் சேர்த்து அனுப்பிய மூன்றாம் நாள், பராமரிப்பவரிடமிருந்து ‘நன்றி’ என்று ஒற்றைச் சொல் வந்தது. பக்கம் இப்போது சரியாக இருக்கிறது. அந்த மூத்த பொறியாளரிடம் மூல எழுத்தைக் காட்டினேன், சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அப்படியா!” என்றார். தொழிற்பயிற்சி அறிக்கையின் இறுதிப் படியில், கோடு போடப்பட்ட வரியை மீண்டும் சேர்த்து, அந்தப் பிழையால் எந்த முகவரியெல்லாம் உள்ளே வந்திருக்கும் என்று ஒரு பத்தியும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மதிப்பெண் இன்னும் வரவில்லை.