யாரும் பறிக்க வரவில்லை

சென்ற இதழில் டெக்சாஸிலிருந்து ஒரு தமிழ் நண்பர் தன் கைத்துப்பாக்கிகளைப் பற்றி எழுதியிருந்தார். நல்ல நடை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1911-ஐ முதன்முதலாகக் கையில் எடுத்தபோது வந்த சிலிர்ப்பு, கோல்ட் பைத்தானின் நீலப் பளபளப்பு, தினமும் இடுப்பில் செருகிக்கொள்ளும் கிளாக் 19-க்கு டிரிகரை மாற்றி, ரெட் டாட் என்ற குறிபார்க்கும் கருவியைப் பொருத்தி, கைப்பிடியைச் சொரசொரப்பாக்கிய கதை எல்லாம் இருந்தன. ஒரு பொருளின்மேல் ஆசை வைத்தவர் அதைப் பற்றி எழுதினால் படிக்கச் சுகமாகத்தான் இருக்கும். அதோடு நிறுத்தியிருந்தால் இந்த எதிர்வினைக்கு வேலையே இல்லை. அவர் அரசியல் பேச ஆரம்பித்தார்.

துப்பாக்கி சேர்ப்பது கடிகாரம் சேர்ப்பது போன்ற பொழுதுபோக்கு என்கிறார். சட்டத்தை மதித்து வாழும் தன்னைப் போன்றவர்களை அரசு ஓட ஓட விரட்டுகிறது என்கிறார். இன்று கலிபோர்னியா, நாளை வாஷிங்டன், அடுத்தது தன் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி என்று பயப்படுகிறார். முடிவில் காந்தியையும் துணைக்கு இழுத்து, தமிழ்நாட்டிலும் விரும்பியவர்களுக்குக் கைத்துப்பாக்கி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கோரிக்கை வைக்கிறார்.

விரட்டுகிறார்களா? கணக்கைப் பார்ப்போம். தனியார் துப்பாக்கிகளுக்குக் கூட்டாட்சி அரசு பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. 1994-இல் வந்த தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடை 2004-இல் காலாவதியானது. நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. 2008-இல் ஹெல்லர் வழக்கில், வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010-இல் அந்த உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. 2022-இல் புரூன் வழக்கில் அது வீட்டு வாசலைத் தாண்டித் தெருவுக்கும் வந்தது. இன்று 50 மாநிலங்களில் 29-இல், அனுமதிச் சீட்டே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். நண்பர் வாழும் டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் இதுதான் நிலை. சைலன்சருக்கு 1934 முதல் இருந்துவந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். விரட்டப்படுகிறவருக்கு வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் அரசை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பதிவேடு வந்தால் பறிமுதல் வரும் என்பது அவருடைய இன்னொரு நடுக்கம். மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் துப்பாக்கித் தடம் காணும் தேசிய மையம் இருக்கிறது. மூடப்பட்ட கடைகளின் விற்பனைக் குறிப்புகள் பெட்டி பெட்டியாக அங்கே வந்து சேருகின்றன. கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருக்கு விற்கப்பட்டது என்று கேட்டால், அங்குள்ளவர்கள் படமெடுத்து வைத்த தாள்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேட வேண்டும். வாங்கியவர் பெயரைத் தட்டித் தேடும் வசதி இருக்கக் கூடாது என்பதே சட்டம். இந்த நூற்றாண்டில், அந்த நாட்டில்! அரசின் கண்ணைத் தாங்களே கட்டிவிட்டு, அரசு உற்றுப் பார்க்கிறதே என்று அலறுவதை என்னவென்பது?

கலிபோர்னியா விவகாரத்தில் நண்பர் பாதியைத்தான் சொன்னார். கிளாக் ரகத் துப்பாக்கியின் பின்பக்கத்தில் விரல்நுனி அளவே உள்ள ஒரு சட்டவிரோத உதிரியைப் பொருத்தினால், ஒருமுறை விசையை அழுத்திப் பிடித்தாலே மேகசின் காலியாகும் வரை சுடும். நிமிடத்துக்குச் சுமார் 1,200 குண்டு என்ற வேகம். பெயர் ‘சுவிட்ச்’. 2022 ஏப்ரலில் சாக்ரமெண்டோ நகரத் தெருவில் 6 பேர் இறந்து 12 பேர் காயமடைந்த சம்பவத்தில் இப்படி மாற்றிய கைத்துப்பாக்கியும் இருந்தது. அவ்வளவு சுலபமாக மாற்ற முடிகிற வடிவத்தைக் கடைக்காரர்கள் 2026 ஜூலை முதல் புதிதாக விற்கக் கூடாது என்பதே 2025 அக்டோபரில் கையெழுத்தான சட்டம். ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அதே அக்டோபரில் கிளாக் கம்பெனியே பழைய மாடல்கள் பலவற்றைக் கைவிட்டுப் புது வரிசையை அறிவித்தது. இதற்குப் பெயர் பறிமுதல் என்றால், தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தேட வேண்டியிருக்கும்.

பிறகு ஏன் இந்தப் பயம்? பயம் விற்கிறது, அதனால். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த மாதம் துப்பாக்கி வாங்குவதற்கான பின்னணிச் சோதனைகள் ஏறத்தாழ 28 லட்சத்தைத் தொட்டன. அதுவரை எந்த மாதமும் காணாத எண்ணிக்கை. ஒபாமா தடை போடுவார் என்ற பீதி. மாறாக, 2016 நவம்பரில் துப்பாக்கிக்காரர்களின் செல்லப்பிள்ளை டிரம்ப் ஜெயித்த மறுநாள் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரூகர் கம்பெனிகளின் பங்குகள் சரிந்தன. 2018 மார்ச்சில் இரண்டு நூற்றாண்டுப் பழமையுள்ள ரெமிங்டன் திவால் மனு கொடுத்தது. பாதுகாவலர் ஆட்சிக்கு வந்தால் கடை படுக்கிறது, எதிரி ஆட்சிக்கு வந்தால் கல்லா நிரம்புகிறது என்ற இந்த விசித்திர வியாபாரத்தின் கச்சாப்பொருள் நண்பரைப் போன்றவர்களின் மனக்கலக்கம்தான். அந்தக் கலக்கத்தைச் சந்தாப் பணமாக மாற்றிக்கொண்டிருந்த தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் நெடுநாள் தலைமை நிர்வாகி வெய்ன் லாபியர், சங்கக் காசில் தனி விமானத்திலும் பஹாமாஸ் தீவிலும் சுகித்தது 2024-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் அம்பலமானது. சுமார் 43 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்டச் சொல்லி ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நண்பரின் பணத்தைப் பறித்தவர் யார் என்று அவரே யோசிக்கட்டும்.

கடிகார ஒப்பீட்டுக்கு வருகிறேன். கைத்துப்பாக்கி சாதுவான பொருள், பள்ளிகளில் நுழைந்து சுடுபவர்களின் நீளத் துப்பாக்கிகள்தான் பிரச்சினை என்று நாசூக்காகப் பழியைத் தள்ளிவிடுகிறார். அமெரிக்காவில் 2020-இல் நடந்த துப்பாக்கிக் கொலைகளில், எஃப்.பி.ஐ.யிடம் விவரம் உள்ளவற்றில் 59 சதவீதம் கைத்துப்பாக்கியால் நடந்தவை. ரைஃபிள் வகையால் 3 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதிக்கு ரகம் குறிக்கப்படவில்லை.

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைக் கொன்றான். கையில் இருந்தவை இரண்டு கைத்துப்பாக்கிகள் மட்டுமே. அதில் ஒன்று கிளாக் 19. நண்பர் ஒன்றரைப் பக்கம் உருகி எழுதிய அதே மாடல். அங்குள்ள நாரிஸ் ஹால் கட்டிட வகுப்பறைகளில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் 170-க்கு மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் அங்கேயே இறந்தார். கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துக்காரர். தமிழ் வாசகர்களுக்கு அந்தத் துப்பாக்கியை அறிமுகம் செய்கிறவர், அதை ஏந்தியவன் சுட்ட தமிழரையும் ஒரு வரியில் அறிமுகம் செய்திருக்கலாம்.

அந்த மாணவன் இரண்டு துப்பாக்கிகளையும் கள்ளச்சந்தையில் வாங்கவில்லை. முறைப்படி வாங்கினான், பின்னணிச் சோதனையிலும் தேறினான். அவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரிலேயே ஒரு நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தக் குறிப்பு சோதனைப் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை. குற்றவாளிகள் சட்டத்தை மதிக்க மாட்டார்கள், ஆகவே சட்டம் வீண் என்ற வாதம் இங்கேதான் நொறுங்குகிறது. சட்டம் ஒழுங்காக வேலை செய்திருந்தால் கடைக்காரர் அவனுக்கு விற்றிருக்க மாட்டார். அந்த ஓட்டையை அடைக்க 2008 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தைத் துப்பாக்கிச் சங்கமே ஆதரித்தது என்பது நண்பருக்குத் தெரியாமல் இருக்காது.

குற்றவாளியின் துப்பாக்கி வானத்திலிருந்தும் விழுவதில்லை. ஏறக்குறைய ஒவ்வொன்றும் முதலில் ஏதோ ஒரு கடையில் ‘சட்டத்தை மதிக்கும்’ ஒருவருக்கு விற்கப்பட்டதுதான். பிறகு தனியாருக்குள் கைமாறுகிறது. டெக்சாஸில் அதற்குப் பின்னணிச் சோதனையே தேவையில்லை. அல்லது பூட்டாத காரிலிருந்து திருடு போகிறது. திருடு போனதைப் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்று தனியாட்களைக் கட்டாயப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. தன் கிளாக்கை சில நேரம் காரிலேயே விட்டுச் செல்வதாக நண்பர் போகிற போக்கில் எழுதியிருந்தார். கவனித்தேன்.

அவர் ஒரு சொல் கூடச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. என் கோபமெல்லாம் அதன்மீதுதான். 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் 27,300 பேர் தற்கொலை. திருடனுமில்லை, அரசுமில்லை, பாதிக்கு மேற்பட்ட சாவுகளில் சுட்ட கையும் செத்த ஆளும் ஒன்றே. கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2020-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், இல்லாத ஆண்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. சாக நினைத்தவர் எப்படியும் செத்திருப்பார் என்று சொல்லத் தோன்றும். அதே ஆய்வு பதில் வைத்திருக்கிறது: வேறு வழிகளில் தற்கொலை செய்வது துப்பாக்கிக்காரர்களிடையே அதிகமாக இல்லை. மனம் உடைந்த சில நிமிடங்களைக் கடந்து பிழைத்துவிட்டவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. அந்தச் சில நிமிடங்களைக் கடக்கத் துப்பாக்கி விடுவதில்லை.

குடும்பத்தைக் காக்கத்தான் தலைமாட்டில் குண்டு போட்டே வைத்திருக்கிறேன் என்கிறார். அதே ஆய்வாளர்கள் 2022-இல், கைத்துப்பாக்கிக்காரரோடு ஒரே வீட்டில் வாழும், தாங்கள் துப்பாக்கி வைத்திராத மனிதர்களைப் பார்த்தார்கள். அவர்கள் கொலையாகும் விகிதம் மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல். வீட்டில் வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்படுவது 7 மடங்கு. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்நியர் புகுந்து கொல்வதிலிருந்து இவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கிடைத்ததற்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை. 2020 முதல் அந்த நாட்டில் 1 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களின் சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான். நண்பர் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவரே எழுதியிருக்கிறார்.

நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவனைத் தடுத்துவிடுவான் என்ற பல்லவியும் கட்டுரையில் இருந்தது. அதை டெக்சாஸில் உட்கார்ந்து எழுத ஒரு துணிச்சல் வேண்டும். 2022 மே மாதம் அதே மாநிலத்தின் உவால்டியில், 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பள்ளிக்கு ஆயுதத்தோடு வந்து சேர்ந்தவர்கள் 376 அதிகாரிகள். கொலைகாரனை வீழ்த்த 77 நிமிடம் ஆயிற்று.

ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் இரண்டாம் சாசனத் திருத்தம் எல்லையற்றது என்கிறார். ஹெல்லர் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியாவே இந்த உரிமைக்கு எல்லை உண்டு என்று அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார். குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் 8 நீதிபதிகள் சொன்னார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர்.

கடைசியாக, காந்தி. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் ஆங்கில ஆட்சியின் மிகக் கறுத்த செயல் என்று காந்தி சொன்னது உண்மைதான். எங்கே சொன்னார்? 1918-இல் கேடா மாவட்டக் குடியானவர்களைப் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேரச் சொல்லி விநியோகித்த துண்டுப் பிரசுரத்தில். ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து, இந்தியரை மட்டும் லைசென்ஸில் கட்டிப்போட்ட 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறித்து. அந்த இனப் பாகுபாட்டின் மேலிருந்த ஆத்திரத்தை வெட்டியெடுத்து, டல்லாஸ் புறநகரில் ரெட் டாட் பொருத்தும் உரிமைக்கு முட்டுக்கொடுப்பது அறிவு நாணயம் ஆகாது. காந்தியின் உடலில் பாய்ந்த மூன்று குண்டுகளும் ஒரு பெரெட்டா கைத்துப்பாக்கியிலிருந்து வந்தவை. சேகரிப்பாளர்கள் அந்த மாடலையும் தேடி வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு அவர் வைத்த கோரிக்கைக்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் குறைகள் உண்டு; லைசென்ஸ் செல்வாக்குள்ளவர் வீட்டுக்கே எளிதாகப் போகிறது என்பதும் உண்மை. ஆனால் காரணம் கேட்டு, போலீஸ் விசாரித்து, ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று 2019-இல் இறுக்கி, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் ஏற்பாடு நமக்குப் போதும். அதைத் தளர்த்தக் கேட்கும் மனுவில் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் கையெழுத்திட வேண்டாம். நண்பர் தன் சேகரிப்பை வைத்துக்கொள்ளட்டும். யாரும் பறிக்க வரவில்லை. தலைமாட்டில் இருப்பதை மட்டும் இன்றைக்கே குண்டை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டட்டும். காரில் இருப்பதையும்தான்.